மூத்த ராக் பேண்ட், கையைக் கடிக்கும் டிக்கெட்: போய் வந்தவர்கள் அனுபவம்

முத்தியால்பேட்டை:

மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸ், 2025 மே 17, கன்ஸ் அண்ட் ரோசஸ். டிக்கெட்டுக்கு அடித்துப் பிடித்த கதையெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். பாண்டியிலிருந்து சாளுக்யா எக்ஸ்பிரஸில் தாதர் வரை போனேன். டிக்கெட், லாட்ஜ், சாப்பாடு என்று கூட்டினால் வீட்டில் சொல்ல முடியாத தொகை. இன்னும் சொல்லவில்லை.

எனக்கு உறுத்துவது ஒரே இடம்தான். 'வெல்கம் டு த ஜங்கிள்' பாட்டில் பாடகர் ஆக்ஸல் ரோஸ் உச்சத்துக்குப் போய்க் கத்துவாரே, கேசட் தேயத் தேயக் கேட்ட இடம். அது வந்தது. அதே நொடியில் என்னைச் சுற்றி நின்ற பையன்கள் எல்லாரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். எனக்குக் கேட்டது அவர்கள் குரல்தான். ஆக்ஸலுக்கு 63 வயது, குரல் மெலிந்துபோய்விட்டது, அது தெரிந்துதான் போனேன். ஆனால் மெலிந்த குரலைக்கூட நான் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவனுக்கு இருபது வயது இருக்கும். அந்தப் பாட்டு உள்ள ஆல்பம் வந்த 1987-இல் அவன் அப்பாவுக்கே மீசை முளைத்திருக்காது. ரொம்ப நன்றாகக் கத்தினான், அதுதான் எரிச்சல்.

அடுத்து எந்தப் பழைய பேண்ட் பெங்களூர் வந்தாலும் மேடைக்கு முன்னாலேயே நிற்கிற டிக்கெட்டை எடுத்துவிடலாம் என்கிறான் நண்பன். விலை மூன்று மடங்கு. போனவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம்.

தேவனாம்பட்டினத்தான்:

உங்களுக்காவது கிட்டாரிஸ்ட் ஸ்லாஷ் இருந்தார். நான் பார்த்தது 2012 டிசம்பர், பெங்களூர். அப்போது பழைய முகம் என்றால் ஆக்ஸலும் கீபோர்டு டிஸ்ஸி ரீடும்தான், அவரும் 1990-இல் வந்து சேர்ந்தவர். ஸ்லாஷ் 1996-இல் போனவர், 2016-இல்தான் திரும்பினார். தெரிந்துதான் டிக்கெட் எடுத்தேன். ஆனால் தெரிந்து போவது வேறு, 'நவம்பர் ரெயின்' கிட்டார் சோலோ வரும்போது மேடையில் ஸ்லாஷின் அந்தத் தொப்பியைக் கண் தானாகத் தேடுவது வேறு.

வாசித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பிசிறில்லாமல் வாசித்தார்கள். என் கூட வந்தவன், "கண்ணை மூடிக் கேளுடா, அவரேதான்" என்றான். கண்ணை மூடிக் கேட்கத்தான் கடலூரிலிருந்து திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாக ராத்திரி முழுக்க பஸ்ஸில் குலுங்கிப் போனேனா? சில்வர் பீச் மணலில் படுத்துக்கொண்டு ஹெட்போனில் கேட்டிருப்பேனே.

ஒரிஜினல் ஆட்களில் பாதிப் பேராவது மேடையில் இல்லையென்றால் நாம் கொடுப்பது பெயர்ப்பலகைக்கான காசு. இதுதான் என் கட்சி.

பழைய கேசட்:

தம்பி தேவனாம்பட்டினம், அந்தப் பாதிக் கணக்கை யார் போட்டது? டீப் பர்ப்பிள் பேண்டில் ஆரம்பத்திலிருந்து இன்றுவரை எல்லா அணியிலும் இருப்பவர் ட்ரம்மர் இயன் பெய்ஸ் ஒருவர்தான். அதனால் அது டீப் பர்ப்பிள் இல்லை என்று சொல்வீர்களா?

என் அனுபவம் ரோலிங் ஸ்டோன்ஸ், 2003 ஏப்ரல், பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். முதல் முறையாக இந்தியாவுக்கு வந்திருந்தார்கள். மழை கொட்டியது. மைதானம் சேறாகி, செருப்பில் ஒன்று உள்ளே போனது போனதுதான், அப்புறம் மிச்சத்தையும் அங்கேயே விட்டுவிட்டேன். மேடையை நான் பார்த்தது குறைவு. பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கான்ஸ்டபிளை. தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கி நின்றார், ஐம்பதை நெருங்கிய ஆள், முகத்தில் எந்தச் சலனமும் கிடையாது. ஆனால் லத்தி நுனி மட்டும் பூட்ஸில் தாளம் போட்டது. ட்ரம்மர் சார்லி வாட்ஸ் அடிக்கிற அடிக்கு அச்சு அசலாக. திரையில் சார்லியின் முகத்தைக் காட்டினார்கள். அவரும் அதே முகம்தான், யாரோ கட்டாயப்படுத்தி உட்கார வைத்த மாதிரி. ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லாத இரண்டு பேர்.

சார்லி 2021-இல் போய்விட்டார். 2003-இல் நான் போனபோதும் ஆபீசில், "இந்தக் கிழவர்களைப் பார்க்கவா இவ்வளவு காசு" என்று கேட்டார்கள். பாடகர் மிக் ஜாகருக்கு அன்றைக்கு 59. அதே மனுஷன் 2024-இல் எண்பது வயதில் அமெரிக்காவைச் சுற்றிப் பாடினார். ஆகவே "இதுதான் கடைசி, விட்டால் கிடைக்காது" என்று விற்பவன் சொல்வதை நம்பாதீர்கள். ஸ்கார்பியன்ஸ் பேண்ட் 2010-இல் விடைபெறும் சுற்றுப்பயணம் என்று அறிவித்தார்கள், இன்னும் விடைபெற்றுக்கொண்டே இருக்கிறார்கள். கிஸ் பேண்ட் 2000-இல் ஒரு தடவை விடைபெற்று, அப்புறம் 2019-இல் ஆரம்பித்து 2023 டிசம்பர் வரை இன்னொரு தடவை விடைபெற்றார்கள்.

ட்ரம்ஸ்காரன்:

2007 மார்ச் 17, அயர்ன் மெய்டன், அதே பேலஸ் கிரவுண்ட்ஸ். அன்றைக்குத்தான் உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் இந்தியா தோற்றது. எனக்கு முன்னால் நின்றவனுக்கு எஸ்எம்எஸ் வந்துகொண்டே இருந்தது, சேவாக் போச்சு என்றான், அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னான். 'ஃபியர் ஆஃப் த டார்க்' ஆரம்பித்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டான், ஸ்கோர் கேட்டவனை முறைத்தான். எனக்கு அது போதும், காசு வசூல்.

அறிவுரை வேண்டாம் என்று எழுதியிருக்கிறார், ஆனாலும் மேடைக்கு முன்னால் நிற்பது பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்னால் நின்றால் ஆட்களைப் பார்க்கலாம், பாட்டைக் கேட்க முடியாது. பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டு பக்கமும் உயரத்தில் தொங்கும், நடுவில் ஒட்டி நிற்பவன் தலைக்கு மேலே சத்தம் போய்விடும். அவனுக்குக் கிடைப்பது ட்ரம்ஸும் கிட்டார் ஆம்ப்பும்தான். பாடகர் குரல்தான் முதலில் அமுங்கும். முத்தியால்பேட்டைக்குக் குரல்தானே பிரச்சினை? சத்தத்தைச் சரிசெய்கிற சவுண்ட் மிக்ஸர் போட்டு உட்கார்ந்திருப்பார்களே கூடாரம், அதற்குப் பக்கத்தில் நில்லுங்கள். சவுண்ட் என்ஜினியர் தன் காதுக்கு எது சரியோ அதைத்தான் வைப்பார், அவர் காது இருக்கிற இடத்தில் உங்கள் காதும் இருக்கட்டும். பெரும்பாலும் அது விலை குறைந்த பகுதியில்தான் வரும்.

ரொம்பப் பின்னால் போனாலும் வம்பு. சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் பின்னால் நின்றால் திரையில் குச்சி ட்ரம்மில் பட்டதற்கு அப்புறம் கால் நொடிக்கு மேல் கழித்துத்தான் அடி கேட்கும். நல்ல ஏற்பாட்டில் நடுவே டிலே டவர் என்கிற ஸ்பீக்கர் கோபுரம் வைத்து, அந்த ஸ்பீக்கரில் வரும் சத்தத்தை மேடைச் சத்தத்தோடு ஒத்துப்போகிற மாதிரி தாமதப்படுத்துவார்கள். டவர் இருக்கிறதா என்று உள்ளே நுழைந்ததும் பாருங்கள், இருந்தால் அதன் ஸ்பீக்கர் பார்க்கிற பக்கத்தில் நில்லுங்கள்.

அப்புறம் விலை. 500 ரூபாய்க்கு மேற்பட்ட கச்சேரி டிக்கெட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆப்பில் வாங்கினால் சேவைக் கட்டணம் தனி, அதற்கும் 18 சதவீதம். விளம்பரத்தில் போட்ட விலையைப் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள், கட்டும் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். ஒருத்தர் கைமாற்றி விற்கிறேன் என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் அதைத் தொடாதீர்கள், ஒரே க்யூஆரை பத்துப் பேருக்கு விற்றுவிட்டுப் போய்விடுவான். காதுக்கு இயர்பிளக் வாங்குங்கள், மருந்துக் கடையில் பஞ்சு மாதிரி இருக்கும், விலை ஒன்றும் இல்லை. திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குப் பொதுவாக இரவு 10 மணிதான் கெடு, ஆகவே ஆறு மணிக்கே உள்ளே இருங்கள், நம்மூர் கச்சேரி மாதிரி மெதுவாகப் போனால் பாதி முடிந்திருக்கும்.

தேவனாம்பட்டினத்தான்:

அண்ணே, இரண்டு வார்த்தை என்றீர்கள்.

ரெயின்போ நகர்:

கோல்ட்ப்ளே மூத்த பேண்டா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், 90களில் ஆரம்பித்தவர்கள், என் மகளுக்கு அவர்கள் தாத்தாக்கள்தான்.

2025 ஜனவரி 26, அகமதாபாத். டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன், தம்பியும் நானும். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல். எங்கள் பகுதி பற்றிப் பாண்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தபோது ஹாலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், ஃபிரிட்ஜ் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கப் பார்த்தது, வாஷிங் மெஷினும் இன்வெர்ட்டரும் காலி. அம்மா மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு முதலில் கேட்டது, "அந்தப் பாட்டு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தா எவ்வளவு வரும்?"

திருப்பிக் கொடுக்கவில்லை. என்னுடையதைத் தம்பியின் நண்பனுக்கு வாங்கிய விலைக்கே கொடுத்துவிட்டேன், அது மெக்கானிக்குக்கும் பெயிண்டருக்கும் போனது. அன்று ராத்திரி ஹாட்ஸ்டாரில் நேரலை. ஈர வாசனை போகாத அதே ஹாலில் உட்கார்ந்து பார்த்தேன். பும்ராவைத் திரையில் காட்டி கோல்ட்ப்ளே பாடகர் கிறிஸ் மார்ட்டின் கிண்டலாக ஒரு பாட்டுப் பாடினாரே, அந்த நேரம் தம்பிக்குப் போன் போட்டேன். "என்னக்கா கத்துறாங்க, யாரு வந்திருக்கா?" என்கிறான். ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம், இவன் தண்ணீர் பாட்டில் வாங்க வரிசையில் நிற்கிறான். உள்ளே இருந்தவனுக்கு வீட்டிலிருந்து நான் கமெண்ட்ரி சொன்னேன்.

இன்றைக்கும் அவன் எல்லாரிடமும் "கோல்ட்ப்ளே பார்த்தேன்" என்கிறான். நான் பார்த்தேன் என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

குருசுக்குப்பம்:

முத்தியால்பேட்டை அண்ணன் கேட்ட குரல் விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஆகஸ்டில் பாரிசில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா மகன் லோன்ஷான் குதிரைப் பந்தய மைதானத்தில் ஏசி/டிசி பேண்ட் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்க்காதே என்று வாசலிலேயே சொல்லிவிட்டான். மாற்றித்தான் பார்த்தேன்.

பாடகர் பிரையன் ஜான்சனுக்கு 76. உயரப் போகிற இடங்களில் குரல் உடைந்தது, மறைக்கவும் இல்லை, சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனார். கிட்டாரிஸ்ட் ஆங்கஸ் யங்குக்கு 69, அதே பள்ளிக்கூட அரை டிரௌசர். கடைசிப் பக்கம் அவர் தனியாக சோலோ வாசிக்கிறார், வாசிக்கிறார், முடிக்கவே மாட்டேன் என்கிறார். எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி, சிவப்பு விளக்கு எரிகிற கொம்பு மாட்டிக்கொண்டு, கையில் மடக்கு நாற்காலி. அந்த நாற்காலியில் அவர் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. சோலோ பாதியில் என்னிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார், அலியான்ஸில் படித்த பிரெஞ்சு அந்தச் சத்தத்தில் உதவவில்லை, தலையாட்டினேன். உடனே நாற்காலியை என் கையில் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடப் போய்விட்டார். கடைசியில் மேடைப் பீரங்கி வெடித்து முடிகிற வரை நான் நாற்காலியோடு நின்றேன்.

தேவனாம்பட்டினம் அண்ணன் கணக்குப்படி அந்த மேடையில் ஆரம்ப கால ஆள் ஆங்கஸ் ஒருத்தர்தான். ஆங்கஸின் அண்ணன் மால்கம் 2017-இல் இறந்துவிட்டார், அவர் இடத்தில் அவர்கள் இருவருக்கும் மூத்த அண்ணனின் மகன் ஸ்டீவி வாசிக்கிறார். அந்தப் பாட்டியிடம் போய்ப் பெயர்ப்பலகை என்று சொல்லிப் பாருங்கள்.

நெல்லித்தோப்பு:

பெங்களூரும் பாரிசும் எதற்கு? வருஷா வருஷம் ஜூன் 21 ஃபெத் த லா மியூசிக் என்கிற இசைத் திருவிழா, நம்ம தெருவிலேயே இலவசம். பிரான்சில் 1982-இல் ஆரம்பித்தது, நம்ம ஊருக்கும் வந்துவிட்டது. ஒரு வருஷம் காலேஜ் பையன்கள் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' போட்டார்கள், சுண்டல் விற்கிறவர் தட்டை வைத்துவிட்டு நின்று கேட்டார். எனக்கு அதுவே ராக்.

தேவனாம்பட்டினத்தான்:

நெல்லித்தோப்பு, கேள்வி டிக்கெட் பற்றி. இலவசம் பற்றி இல்லை.

குருசுக்குப்பம், மால்கம் இறந்ததால் ஆள் மாறியது, அது நியாயம். சண்டை போட்டுப் பிரிந்து, ஒருத்தர் மட்டும் பெயரை வைத்துக்கொண்டு ஊர் ஊராக வருவதைத்தான் நான் சொல்கிறேன். இரண்டையும் குழப்பாதீர்கள்.

சிப்காட் ஷிஃப்ட்:

நான் எதற்கும் நேரில் போனதில்லை, ஷிஃப்ட் விடாது. 2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க், பிளாக் சாபத் கடைசி நிகழ்ச்சியைக் காசு கட்டி இணையத்தில் பார்த்தேன், அதுவே எனக்கு ஆடம்பரம். அவர்கள் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். 'மாமா, ஐம் கமிங் ஹோம்' பாட்டில் குரல் ஒரு இடத்தில் தடுமாறியது, அந்த நேரம் பார்த்து நெட் சுற்ற ஆரம்பித்தது. திரும்ப வந்தபோது அடுத்த வரிக்குப் போயிருந்தார். ஜூலை 22-இல் இறந்துவிட்டார். அந்த விட்டுப்போன துண்டை அப்புறம் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்தான், ஏனோ பார்க்கவில்லை.

பழைய கேசட், கடைசி என்று சொன்னால் நம்பாதே என்கிறீர்கள். சில பேர் சொன்னால் நிஜமாகவே கடைசிதான் சார்.

பழைய கேசட்:

ஆஸியும் 1992-லேயே இனி சுற்றுப்பயணம் இல்லை என்று அறிவித்தவர்தான் தம்பி. ஆனால் நீங்கள் சொல்வது புரிகிறது.

முத்தியால்பேட்டை:

எல்லாருக்கும் நன்றி, ட்ரம்ஸ்காரன் அண்ணனுக்குக் கூடுதலாக. நண்பனிடம் மேடைக்கு முன்னால் வேண்டாம், மிக்ஸர் பக்கம் என்றேன். "சவுண்ட் என்ஜினியரைப் பார்க்கவா பெங்களூர் வரை வர்றோம்" என்கிறான். அவன் முன்னால் எடுக்கட்டும், நான் பின்னால் எடுக்கிறேன், முடிந்ததும் வாசலில் சந்திப்போம் என்று இப்போதைக்குப் பேச்சு. விலை வந்தால் மறுபடி மாறும்.

தேவனாம்பட்டினத்தாரே, ஸ்லாஷ் இருந்தார்தான், அருமையாக வாசித்தார்தான். எனக்கு அந்தக் கத்தல்தான் வேண்டியிருந்தது.

தேவனாம்பட்டினத்தான்:

உங்கள் டிக்கெட்டை எனக்குக் கொடுத்திருக்கலாம். நான் ஸ்லாஷைப் பார்த்திருப்பேன், கத்துகிறவர்கள் கத்தியிருப்பார்கள்.