முதல் 120 ரோல் (மீடியம் ஃபார்மட் கேமராவுக்கான அகல ஃபிலிம்): ஐஎஸ்ஓ வேகம் 400 போடலாமா, கூடாதா?

சதுரச்சட்டம்:
"வெயிலில் எடுக்கிறவர் 400 ரோலைத் தொடவே கூடாது. பழைய மீடியம் ஃபார்மட் ஷட்டர் 1/500-ஐத் தாண்டாது, படம் வெளுத்துவிடும்." ஒரு புதியவருக்கு இப்படி ஒரு அறிவுரை போயிருக்கிறது. தப்பு. நல்ல வெயிலில் 400-க்கு அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம், எண் கூடினால் சிறிதாகும்) எஃப்/16, ஷட்டர் 1/500 நொடி. யாஷிகா மேட் 124ஜி-யில் அப்பர்ச்சர் எஃப்/32 வரை மூடும். இன்னும் இரண்டு ஸ்டாப் மிச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது). எங்கே வெளுக்கிறது?

வெள்ளிமணி:
சொன்னது நான்தான், பெயர் சொல்லியே பேசலாம். எஃப்/16-இல் பூட்டி வைக்கவா ஒருவர் 6x6 (6 செ.மீ. சதுரப் படம் எடுக்கும் கேமரா) வாங்குகிறார்? பேக்கிரவுண்ட் கரைய வேண்டாமா? எஃப்பி4 ஃபிலிம் போடச் சொல்லுங்கள், அதன் வேகம் 125.

சதுரச்சட்டம்:
வெளுக்கும் என்றீர்கள், இப்போது கரையவில்லை என்கிறீர்கள். சரி, அதையும் பார்ப்போம். 125 ஃபிலிமுக்கு அதே வெயிலில் 1/500 வைத்தால் எஃப்/8. எஃப்/4 வேண்டுமென்றால் அங்கேயும் இரண்டு ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) மாட்டித்தான் ஆகவேண்டும். 400-க்கு நான்கு ஸ்டாப். யாஷிகா மாதிரி இரட்டை லென்ஸ் கேமராவில் படம் எடுக்கும் கீழ் லென்ஸில் மட்டும் மாட்டினால் போதும், பார்க்கும் திரை இருட்டாது.

நிழலுக்கு வாருங்கள். 100 ஃபிலிமுக்கு 1/125, எஃப்/5.6. 80 மி.மீ. லென்ஸில் ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஷார்ப்பாக விழும் ஆழம் சுமார் 20 செ.மீ. எதிரே நிற்பவர் லேசாக முன்னால் சாய்ந்தாலே கண் போய்விடும். 400 என்றால் எஃப்/11, சுமார் 40 செ.மீ. ஒரு ரோலில் கிடைப்பது 12 படம். புதியவர் அதில் இழப்பது ஃபோகஸிலும் கை நடுக்கத்திலும்தான். கிரெய்ன் (படத்தில் மணல்போலத் தெரியும் புள்ளிகள்) பயமும் வேண்டாம்: 6x6 நெகட்டிவ் 35 மி.மீ. நெகட்டிவைவிடப் பரப்பில் மூன்றரை மடங்குக்கு மேல்.

வெள்ளிமணி:
நீளமாக எழுதினால் பதிலாகிவிடாது. நான் சொன்னது 1/500. அந்த ஷட்டர்கள் அரை நூற்றாண்டுப் பழசு. எண்ணெய் இறுகி, 1/500 என்று எழுதியிருப்பது 1/300 ஓடினாலே பெரிது. இப்போது உங்கள் எஃப்/16 எங்கே நிற்கிறது?

இருட்டறைவாசி:
1/300 என்றால் முக்கால் ஸ்டாப் வெளிச்சம் கூடும், அவ்வளவுதான். எச்பி5, போர்ட்ரா 400 ஆகிய 400 ஃபிலிம்கள் இரண்டுமே இரண்டு ஸ்டாப் கூடினாலும் தாங்கும். குறைந்தால்தான் ஆபத்து. நிழல் பகுதி வெறும் கண்ணாடியாக வரும், டெவலப்பரில் எத்தனை நிமிடம் கூட்டினாலும் விவரம் திரும்பாது. அதனால் 400 ரோலை மீட்டரில் 200 என்று வைத்து அளப்பது நல்லது. ஸ்லைடு (நேரடியாகப் பாசிட்டிவ் படம் தரும்) ஃபிலிம் மட்டும் வேண்டாம். வெல்வியா 50 என்ற ஸ்லைடு ஃபிலிமில் அரை ஸ்டாப் பிசகே தெரியும்.

வெள்ளிமணி:
பார்த்தீர்களா, 200 என்று வைக்கச் சொல்கிறார். அப்புறம் எதற்கு 400 வாங்குவது?

சதுரச்சட்டம்:
வெயிலில் 200 வைத்தால் 1/250, எஃப்/16. உங்கள் 1/500 தேவையே இல்லை! நிழலில் எஃப்/8 கிடைக்கிறது, அதுவும் 100-ஐவிட ஒரு ஸ்டாப் மேல். இன்னொன்று: எந்த ரோலானாலும் ஃபிலிமோடு சுற்றியிருக்கும் பேப்பரின் அம்புக்குறியைக் கேமராவின் உள்ளே இருக்கும் புள்ளியோடு பொருத்திவிட்டு மூடவேண்டும். பாதி ரோல் அங்கேதான் வீணாகிறது.

கதிர்வலை:
எல்லா கேமராவுக்கும் அப்படிச் சொல்லாதீர்கள். ரோலிஃப்ளெக்ஸ் ஆட்டோமாட்டில் அம்புக்குறி வேலையே இல்லை. பேப்பரை முதல் ஜோடி உருளைகளுக்கு நடுவே விடவேண்டும். தடிமன் கூடுவதை உருளை உணர்ந்துதான் கவுண்டர் ஓடத் தொடங்கும். உருளைக்கு மேலே விட்டால் முழு ரோலும் நிற்காமல் சுற்றிப் போய்விடும்.

சதுரச்சட்டம்:
நான் யாஷிகாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

கதிர்வலை:
"எந்த ரோலானாலும்" என்று எழுதிவிட்டு யாஷிகாவா? முன்பு டெவலப்பர் பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். பிடித்த கேமரா ஒன்று, விதி எல்லோருக்கும்.

இருட்டறைவாசி:
எடுத்து முடித்த ரோலைத் தளரவிடாமல் இறுக்கிப் பிடித்து, நுனியை மடித்து ஒட்டச் சொல்லுங்கள். தளர்ந்தால் ஓரத்தில் வெளிச்சம் புகும். 100, 400 எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

வெள்ளிமணி:
1/500-க்கு இன்னும் பதில் வரவில்லை.

சதுரச்சட்டம்:
மூன்று முறை சொல்லியாயிற்று. எஃப்/16, 1/500. ஹாசல்பிளாட் கேமராவின் 80 மி.மீ. லென்ஸ் என்றால் எஃப்/22 வரை மூடும், யாஷிகா எஃப்/32 வரை. இதில் எந்த எண் தப்பு?

வெள்ளிமணி:
எண் தப்பென்று யார் சொன்னது? எஃப்/16-இல் முகத்துக்குப் பின்னால் இருக்கும் கம்பியும் கொடியும் காதோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் படம்தான் தப்பு.