பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சும் கிருமிப் பயமும்: உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் இல்லத்தரசி:

தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு இந்தத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு நாங்கள் வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. லயத்தில் வீட்டுக்குப் பின்னால், வெயில் படும் பைப்படியில் குந்தியிருந்து பாத்திரம் துலக்கிய என் மாமியார், சிங்க்கின் முன்னால் நின்றபடி நான் மங்குகளை (தட்டு, கிண்ணங்களை) கழுவுவதை இன்றும் முழுமையாக ஒப்புக்கொள்வதில்லை.

சென்ற தீபாவளிக்கு மறுநாள் என் இளைய மகனுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. எதனால் வந்தது என்று மருத்துவரால் திட்டவட்டமாகச் சொல்ல முடியாதபோதும், என் மனம் பாத்திரங்களின் மீதே பழியைப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு மங்கையும் மூன்று முறை கழுவினேன்; கை பொறுக்கும் மட்டும் சுடுநீரை ஊற்றினேன்; அதுவும் போதாதென்று, உப்புக்கறை போவதற்காக வினிகர் ஊற்றி வைத்திருந்த சிங்க்கில், அதை அலசிவிடாமலேயே, பிளீச்சையும் ஊற்றிவிட்டேன். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பது அப்போது என் நினைவில் இல்லை. கண் எரிந்து, தொண்டை அடைத்து, இருமல் நிற்காமல் நின்றவளை என் மாமியார்தான் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துச் சென்றார். "கிருமிக்கு முன்னாடி நீ போயிடுவ போலிருக்கே" என்று அவர் சொன்னபோது சிரிப்பதற்குக்கூட எனக்கு மூச்சு இல்லை.

இத்தனையும் செய்த நான், கழுவும் ஸ்பாஞ்சை ஒரு நாளும் கவனித்ததில்லை. ஒரு பழைய மார்ஜரின் டப்பாவில், அடியில் தேங்கிய சவர்க்காரத் தண்ணீரிலேயே அது இரண்டு மாதங்களாகக் கிடந்தது. பிழிந்து பார்த்தபோது சாம்பல் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. நனைந்த சாக்கை மூலையில் போட்டு வைத்தால் எழுவது போன்ற வாடை அடித்தது. ஜெர்மனியில் வீடுகளில் புழங்கிய 14 ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,000 கோடி வரை பாக்டீரியாக்கள் இருந்ததாகப் படித்தேன். அவை எல்லாமே நோய் தருபவை அல்ல என்பது உண்மைதான். ஆனால், வழக்கமாகக் கொதிநீரிலோ மைக்ரோவேவிலோ இட்டுச் சுத்தம் செய்ததாகச் சொல்லப்பட்ட ஸ்பாஞ்சுகளிலும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை குறைந்திருக்கவில்லை என்ற வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வாரம் ஒரு முறை புதியதை மாற்றிவிடுவதே மேல் என்பது அந்த ஆய்வாளர்களின் யோசனை. இப்போது திங்கட்கிழமைதோறும் மாற்றுகிறேன்.

மாமியாருக்கும் எனக்கும் முடியாத வழக்கு ஒன்று உண்டு. பாசாரில் (சந்தையில்) வாங்கி வந்த கோழியை அவர் சிங்க்கில் போட்டு, குழாயை முழுவதும் திறந்துவிட்டு, மஞ்சள் தேய்த்து அலசுவார். பச்சைக்கோழியில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா, கம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் அந்தத் தண்ணீர் தெறிப்பதால் பக்கத்தில் கவிழ்த்து வைத்த மங்குகளுக்கும் வெங்காயத்துக்கும் பரவும். நன்றாக வெந்தாலே அவை செத்துவிடும் என்பதால் கோழியைக் கழுவவே தேவையில்லை. இதைச் சொன்னால், "கழுவாத கறியை எவன் தின்பான்?" என்கிறார். இப்போதைக்குக் குழாயைத் திறக்காமல் ஒரு பேசினில் அமிழ்த்தி அலசுவது, அதற்கு முன்பே மங்குகளை அகற்றிவிடுவது, பிறகு சிங்க்கைச் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பது என்ற அளவில் சமாதானம் ஆகியிருக்கிறது.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்தும் ஒரு சகோதரி:

அக்கா, சுடுநீரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் பழைய நாள்கள் நினைவுக்கு வந்தன. உணவைக் கையாளுவோர் பயிற்சிக்குச் செல்ல வேண்டும், டைஃபாய்டு ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகளில் உள்ளது. அந்தப் பயிற்சிக்குப் போகும் வரை நானும் கை பொறுக்கும் சூடு கிருமியைக் கொன்றுவிடும் என்றே நம்பியிருந்தேன். நம் கை தாங்குவது ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ். வெறும் சூட்டைக் கொண்டே பாத்திரத்தைக் கிருமி நீக்கம் செய்வதென்றால் 77 பாகைத் தண்ணீரில் அரை நிமிடமாவது அமிழ்த்த வேண்டும். அப்படியானால் வீட்டில் நாம் கழுவுவது வீண் என்று பொருளல்ல. சவர்க்காரம் எண்ணெய்ப் பிசுக்கை விடுவித்து, அதோடு ஒட்டியிருக்கும் கிருமிகளையும் பெயர்த்துவிடுகிறது. ஓடும் தண்ணீர் அவற்றை அடித்துச் செல்கிறது. தேய்ப்பும் அலசலும் சரியாக இருந்தால் வீட்டுக்கு அதுவே போதும்.

நான் தவறியது உலர்த்துவதில்தான். ஒரு வெள்ளிக்கிழமை அவசரத்தில் பிளாஸ்டிக் குவளைகளை ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அலமாரியில் அடுக்கிவிட்டுப் போய்விட்டேன். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் பசியாற வருவதற்குள் அவற்றை எடுத்தால், பிரிக்கும்போது 'சப்'பென்று ஓர் ஒலி. உள்ளே விரலை விட்டுத் தேய்த்தால் வழவழப்பு. 60 குவளைகளையும் மறுபடி கழுவி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று முதல் துணியால் துடைப்பதையே நிறுத்திவிட்டேன்; கம்பித் தட்டில் இடைவெளி விட்டுக் கவிழ்த்து, காற்றில் தானாகவே காய விடுகிறேன். ஈரத்துணி ஒன்றே எல்லாப் பாத்திரத்துக்கும் கிருமியைப் பங்கு வைத்துக் கொடுத்துவிடும்.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர் ஒருவர்:

தங்கச்சி, உங்கள் மாமியார் சொல்லும் பைப்படியை நானும் அறிவேன். பால்மரம் (ரப்பர் மரம்) சீவிவிட்டு வந்த எங்கள் அம்மா, அடுப்புச் சாம்பலையும் தேங்காய் நாரையும் வைத்துத்தான் துலக்குவார். சாம்பலின் காரம் பிசுக்கை வெட்டும். நாரும் வெயிலில் சட்டென்று உலர்ந்து, சில நாளில் அடுப்புக்கே விறகாகிவிடும். அதில் வாடை பிடிக்க நேரமே இருந்ததில்லை. அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். தண்ணீர் வராத நாளில் ஒரே தோம்பில் (பீப்பாயில்) பிடித்து வைத்ததை மொண்டு மொண்டு அலசினோம். கடைசி மங்குக்கு வரும்போது அந்தத் தண்ணீர் கஞ்சி நிறத்தில் இருக்கும். வயிற்றுப்போக்கு இல்லாத வீடு எங்கள் வரிசையில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது என் வேலை. கரித்துணியை இரவில் சவர்க்காரம் போட்டுத் துவைத்து, என் கைலிக்குப் பக்கத்திலேயே கொடியில் காயப்போடுகிறேன். இதற்காக வீட்டுக்காரியிடம் வாங்கும் பேச்சு கொஞ்சமல்ல. ஐப்பசி அடைமழையில் மூன்று நாளானாலும் அது காயாமல் கிடக்கும்போது என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வழி கண்டவர்கள் இங்கே எழுதுங்கள்.