கிரேட் லூப் பயணம்: 21 அடி உயரமுள்ள படகு போதுமா?

கேள்வி

வணக்கம். ஆறு, கால்வாய், பேரேரி, கடலோர நீர்வழி ஆகியவற்றின் வழியே வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியைச் சுற்றிவரும் கிரேட் லூப் பயணத்தை, பணி ஓய்வுக்குப் பின் என் கணவருடன் மேற்கொள்ள விரும்புகிறேன். ஏறத்தாழ 6,000 மைல் நீளும் இந்தப் பயணத்துக்காகப் தங்கும் வசதியுள்ள, மெதுவாகச் செல்லும் டிராலர் வகைப் பழைய படகு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். அது நீருக்குள் 4 அடி அமிழும். நீர்மட்டத்துக்கு மேல் 21 அடி உயரம் என்கிறார் விற்பவர். வசந்தத்தில் புளோரிடாவிலிருந்து புறப்பட்டால் எதையெல்லாம் முன்கூட்டியே கவனிக்க வேண்டும்?

பதில் 1

அம்மா, 4 அடி ஆழம் தடையாகாது. உயரத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். இல்லினாய் மாநிலத்தில் லெமான்ட் அருகேயுள்ள ரயில் பாலம் திறக்காத பாலம். அதன் அடியில் சுமார் 19.6 அடி இடைவெளியே உண்டு, அதைத் தவிர்த்துச் செல்ல வேறு வழியும் கிடையாது. மழையால் நீர்மட்டம் ஏறினால் அந்த இடைவெளியும் குறைந்துவிடும். சிகாகோ நகரின் நடுவே செல்ல விரும்பினால் 17 அடிக்குள்ளும், நியூயார்க் மாநிலத்திலுள்ள ஈரி கால்வாயின் மேற்குப் பகுதி வரை செல்ல விரும்பினால் சுமார் 15.5 அடிக்குள்ளும் இருக்க வேண்டும். விற்பவர் சொன்ன 21 அடியில் ரேடார் கம்பமும் ஆன்டெனாவும் சேர்ந்திருக்கின்றனவா, அவற்றை மடக்க முடியுமா என்று கேளுங்கள். டீசல் தொட்டி காலியாகும்போது படகு மேலெழும் என்பதால், அந்த நிலையில் நீங்களே அளந்து பார்ப்பதுதான் நம்பகமானது.

பதில் 2

உயரத்துக்கு அடுத்தது காலக்கணக்கு. நியூயார்க் மாநிலக் கால்வாய்கள் மே மாத நடுவில்தான் திறக்கின்றன. புயல் பருவமோ ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. எனவே கோடையைப் பேரேரிகளில் கழித்து, செப்டம்பரில் சிகாகோவிலிருந்து தெற்கே இறங்குவதே பெரும்பாலோரின் வழக்கம். எந்தத் தேதிக்கு முன் தெற்கே வரக்கூடாது என்பதைக் காப்பீட்டு ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் லூயிஸுக்கு வடக்கேயுள்ள ஆல்டனிலிருந்து ஒஹையோ ஆற்றங்கரை ஊரான பதூக்கா வரையிலான சுமார் 250 மைலுக்கு எரிபொருள் கிடைக்கும் என்று நம்பிச் செல்லக்கூடாது. மிசிசிப்பியும் ஒஹையோவும் கலக்கும் இல்லினாய் ஊரான கெய்ரோ வரை மிசிசிப்பியின் நீரோட்டம் துணை நிற்கும்; அதன்பின் ஒஹையோ ஆற்றில் எதிர்நீரோட்டம். 1984இல் கட்டிமுடிக்கப்பட்ட டென்னசி-டொம்பிக்பி நீர்வழி இருப்பதால், சரக்குப் படகுகள் நெரியும் கீழ் மிசிசிப்பியைத் தவிர்த்து, மெக்சிகோ வளைகுடாக் கரையிலுள்ள மொபீல் வரை இறங்கிவிடலாம். அந்த நீர்வழியை நான் மிகவும் மதிக்கிறேன். சிறிய படகுகளுக்கு அது பெரும் பாதுகாப்பு. ஆனால் லாக்குகளில் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகுகளைக் கடத்தும் கதவறைகளில்) சரக்குப் படகுகளுக்கே முன்னுரிமை என்பதால், சில நாள்களில் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும்.

பதில் 3

மெக்சிகோ வளைகுடாவை மேலே பதில் சொன்ன இருவரும் மறந்துவிட்டார்கள். புளோரிடாவின் வளைகுடாக் கரையில் கராபெல்லிலிருந்து டார்பன் ஸ்பிரிங்ஸ் வரை கரையோரக் காப்புள்ள நீர்வழி இல்லை. ஏறத்தாழ 170 மைல் திறந்த கடல். உங்கள் டிராலர் மணிக்கு 8 மைல் வேகத்தில் சென்றால் ஓர் இரவு முழுவதும் கடலில்தான் கழியும். அலை அடங்கும் நாள் வரும்வரை கராபெல்லில் பொறுத்திருங்கள். புளோரிடாக் கரையை நெருங்கும் இடத்தில் நண்டுப் பொறிகளின் மிதவைகள் நிறைந்திருக்கும். அவற்றின் கயிறு இயந்திரச் சுழலியில் சிக்காமலிருக்க, விடிந்து வெயில் ஏறிய பிறகே அப்பகுதியை அடையுமாறு புறப்படும் நேரத்தைக் கணக்கிடுங்கள்.