கண்ணாடியில ஒட்டிக்கிட்ட லட்சுமி: ஃபிரேம் பிரிச்ச, போட்ட அனுபவங்கள்

பள்ளத்தூர்க்காரன்:
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல தேக்கு ஃபிரேமோட எடுத்த பழைய லித்தோ (கல்லச்சுல அடிச்ச லட்சுமி படம்). ஆணியைப் பிடுங்கிப் பின்பலகையைத் தூக்கியாச்சு. தாளோட ஓரம் லேசா வருது. நடுவுல லட்சுமி முகமும் தாமரையும் மட்டும் கண்ணாடியை விட மாட்டேங்குது. முன்னாடியிருந்து சாய்ச்சுப் பார்த்தா ஒட்டின இடம் மட்டும் ஈரம் பட்ட மாதிரி கருத்துப் பளபளங்குது, ஒட்டாத இடம் மங்கல். வாங்கறதுக்கு முன்னாடியே இதைப் பார்த்துடலாம்.

ஓலியோகிராஃப் (எண்ணெய் ஓவியம் மாதிரி தெரிய அச்சடிச்ச லித்தோ) மேல வார்னிஷ் இருக்கும். இடைவெளி விடாம கண்ணாடியோட அமுக்கிப் போட்டா, ஐப்பசி அடைமழை ஈரத்துல அது இளகிப் பிடிச்சுக்கும். இழுத்தா மை கண்ணாடியோட போயிடும். தண்ணி, ஹேர் டிரையர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். கண்ணாடியையும் படத்தையும் ஒரே துண்டா வச்சு, பின்பலகையை மட்டும் மாத்தி மூடிடுங்க.

ஆத்தங்குடி ஆச்சி:
புதுசா போடறவங்க கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல மவுண்ட் போர்டு (நடுவுல ஜன்னல் வெட்டின கெட்டி அட்டை) வச்சா இடைவெளி தானா வந்துடும். 1.5 மி.மீ. போர்டு சாதா பிரிண்டுக்குப் போதும். வார்னிஷ் படம்னா ரெண்டு அடுக்கு.

10க்கு 14 இன்ச் பிரிண்டுக்கு ஜன்னல் 9¾க்கு 13¾, அதாவது நாலு பக்கமும் ⅛ இன்ச் கவ்வணும். மூணு பக்கம் 2 இன்ச் விளிம்பு, அடியில 2½. போர்டோட வெளியளவு 13¾க்கு 18¼ வரும். ஃபிரேம் காடி (கண்ணாடியும் போர்டும் உக்கார்ற உள்பள்ளம்) அதைவிட ⅛ கூட இருக்கட்டும். இறுக்கிப் போட்டா மழைக்காலத்துல போர்டு உப்பி நடுவுல வளையும்.

காசு மிச்சம் பிடிக்கிற இடம் பின்பக்கம்தான். ஹார்டுபோர்டுக்குப் பதிலா விளம்பரப் போர்டு செய்யற கடையில விக்கிற 3 மி.மீ. சன்பேக் ஷீட் (உள்ள குழல் குழலா இருக்கிற பிளாஸ்டிக் அட்டை) போடுங்க. ஈரம் குடிக்காது, கரையான் அரிக்காது. மரப்பலகை நேரா தாளைத் தொட்டா அதுலேர்ந்து வர்ற அமிலம் தாளைப் பழுப்பாக்கும். பழைய படங்களோட முதுகுல பலகை இடுக்கு விழுந்த இடத்துல பழுப்புக் கோடு ஓடறது, அந்த இடுக்கு வழியா காத்தும் தூசியும் புகுந்ததால. பிரிண்டைத் தொடற மவுண்ட்ல மட்டும் கஞ்சத்தனம் கூடாது, ஆசிட்-ஃப்ரீயே வாங்குங்க.

கல்லல் தச்சன்:
ஆச்சி அளவெல்லாம் சரி, பீடிங் (ஃபிரேம் செய்யற கட்டை) எத்தனை அடின்னு சொல்லலையே? காடிச் சுற்றளவோட பீடிங் அகலத்தை எட்டால பெருக்கிக் கூட்டணும். ஆச்சி கணக்குக்கு 64½, ஒரு இன்ச் பீடிங்குக்கு 8, ஆக 72½ இன்ச். ரம்பச் சேதாரம் சேர்த்து 6½ அடி வாங்குங்க. காடி ஆழத்தையும் கடையிலயே பாருங்க: கண்ணாடி 2, மவுண்ட் 1.5, பிரிண்டுக்குப் பின்னாடி வைக்கிற போர்டு 1.5, சன்பேக் 3, மொத்தம் 8 மி.மீ. காடி அதைவிட ஆழமா இல்லைன்னா ஆணி பிடிக்க இடமே இருக்காது.

மூலையில வாய் பிளந்தா எல்லாரும் கோணத்தைத்தான் குறை சொல்லுவாங்க. பெரும்பாலும் எதிரெதிர்க் கட்டை ரெண்டும் ஒரே நீளத்துல இருக்காது. ரெண்டையும் சேர்த்து நிறுத்தித் தடவிப் பார்த்தா விரல்ல தெரியும்.

பிரிண்டை ஒட்ட மைதாப் பசையில ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுங்க. பூச்சி வராது.

ஆத்தங்குடி ஆச்சி:
தச்சரே, துத்தம் மட்டும் வேண்டாம். பைண்டிங்காரங்க போடறாங்கதான், ஆனா அது செம்பு உப்பு. நாளாக ஆக தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வச்சிடும். பிரிண்ட் முழுக்கப் பசை தடவறதும் தப்பு. மேல் ஓரத்துல ரெண்டே இடத்துல, மெல்லிய டிஷ்யூத் தாள்ல ஒரு இன்ச் துண்டு வச்சுத் தொங்க விடணும். ஈரத்துக்குத் தாள் விரியும், சுருங்கும். நாலு பக்கமும் கட்டிப் போட்டா அலை அலையா நிக்கும். செல்லோ டேப் கூடவே கூடாது. கோந்து தாளுக்குள்ள இறங்கினா கறை போகாது.

பசைக்கு மைதாவை விட கோதுமை ஸ்டார்ச் மேல். அல்வாவுக்குப் பால் எடுக்கிற மாதிரி மாவைப் பிசைஞ்சு அலசி, அடியில தங்கறதை எடுங்க. ஒரு பங்குக்கு அஞ்சு பங்கு தண்ணி, சின்னத் தீயில கண்ணாடி மாதிரி தெளியற வரைக்கும் கிண்டி, துணியில வடிகட்டணும். ராமபாணப் பூச்சிக்கு இந்தப் பசை ரொம்பப் பிடிக்கும், அதனால பின்பக்கம் முழுக்க பிரவுன் தாள் ஒட்டி மூடிடுங்க.

தேவகோட்டை ரஸ்தா:
ஆணி அடிக்கப் போய், முட்டை வெள்ளைக்கரு போட்டு மெழுகின செட்டிநாட்டுச் சுவர்ல உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பேர்ந்து விழுந்ததைப் பார்த்திருக்கேன். அதைத் திரும்ப அதே வழவழப்புல பூச ஆள் தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

யாரும் கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். வளவுல (நடு முற்றத்தைச் சுத்தின பகுதியில) ஏற்கெனவே இருக்கிற மரச்சட்டத்துல, கொக்கியில மாட்டுங்க. துளை போட்டே ஆகணும்னா மாஸ்கிங் டேப் ஒட்டி, ஹேமர் மோடை அணைச்சிட்டு, 3 மி.மீ. பிட்ல மெதுவா ஆரம்பிங்க. 14க்கு 18ல 2 மி.மீ. கண்ணாடியே முக்கால் கிலோவுக்கு மேல, அதனால ஒத்தைக் கொக்கி வேண்டாம், ரெண்டு. கீழ் மூலை ரெண்டுலயும் ரப்பர் வாஷர் ஒட்டுங்க, பின்னாடி காத்து போகும். முற்றத்துச் சாரல் படற தூணோரமும், மேற்கு வெயில் விழற தாழ்வாரமும் ஆகாது. சாதாக் கண்ணாடி புற ஊதாக் கதிரை முழுசாத் தடுக்காது. அப்புறம் துடைக்கிற திரவத்தைக் கண்ணாடி மேல அடிக்காதீங்க, துணியில நனைச்சுத் துடைங்க. வழிஞ்சா நேரா கீழ்க்காடியில இறங்கி மவுண்ட்டை உறிஞ்ச வைக்கும்.

பள்ளத்தூர்க்காரன்:
தச்சரண்ணே, சரிகையும் ஜிகினாவும் தச்ச படத்துக்கு ஆச்சி சொன்ன ரெண்டு அடுக்கு மவுண்ட் பத்தாதே?

கல்லல் தச்சன்:
பத்தாது தம்பி. காடிக்குள்ள கண்ணாடியை வச்சு, அது பின்னாடி நாலு பக்கமும் அரை இன்ச் கட்டை சுத்தி விடுங்க, படம் அதுக்குப் பின்னாடி உக்காரும். கட்டையோட உள்பக்கத்துல மவுண்ட் போர்டு பட்டை ஒட்டிடுங்க, மரம் வெளியில தெரியாது. மொத்த ஆழம் முக்கால் இன்ச் தாண்டும், பீடிங் வாங்கறப்பவே சொல்லிடுங்க.