பைத்தான் நிரல்மொழியில் ஒரு பட்டியலை மாற்றினால் இன்னொன்றும் மாறுவது ஏன்?

கேள்வி:
வணக்கம். அளவீடுகளின் மூல வரிசை கலைந்துவிடக் கூடாது என்பதற்காக, அவற்றை வரிசைப்படுத்தும் முன் இவ்வாறு எழுதினேன்:

மூலம் = [7, 3, 5]
நகல் = மூலம்

பிறகு நகலை, பட்டியலை வரிசைப்படுத்தும் சார்ட் (sort) கொண்டு அடுக்கியபோது, மூலமும் [3, 5, 7] என்று மாறிவிட்டது. ஆனால் முன் = 5, பின் = முன் என்று எழுதி, அடுத்து பின் = பின் + 1 என்று எழுதினால், முன் 5 ஆகவே இருக்கிறது. எண்ணுக்கு ஒரு விதியும் பட்டியலுக்கு வேறொரு விதியுமா?

பதில் 1:
இரண்டுக்கும் விதி ஒன்றுதான். மாறியை மதிப்பு போட்டு வைக்கும் பெட்டியாக நினைத்துப் பழகியதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. எனக்கும் அது தெளிய நெடுநாள் ஆயிற்று. பைத்தானில் மாறி என்பது நினைவகத்தில் இருக்கும் ஒரு பொருளுக்கு (object) இட்ட பெயர். சமக்குறி எதையும் நகலெடுப்பதில்லை. வலப்பக்கத்தில் கிடைக்கும் பொருளுக்கு இடப்பக்கத்துப் பெயரைச் சூட்டுகிறது, அவ்வளவே. ஆகவே உங்களிடம் இருந்தது இரண்டு பெயர்கள் கொண்ட ஒரே பட்டியல். சார்ட் அந்தப் பட்டியலையே மாற்றி அடுக்கியது. எண்ணிலோ, பின் + 1 என்பது 5-ஐத் திருத்தாமல் 6 என்னும் வேறு பொருளைத் தர, 'பின்' என்ற பெயர் அதற்குப் போய்விடுகிறது. உங்கள் தேவைக்கு நகல் = மூலம்[:] போதும்; [:] என்பது பட்டியல் முழுவதையும் புதிய பட்டியலாக எடுத்துத் தரும்.

பதில் 2:
மேலே சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நகல் = நகல் + [9] புதிய பட்டியலை உண்டாக்குகிறது; நகல் += [9] இருக்கும் பட்டியலையே நீட்டுகிறது, எனவே மூலமும் நீளும். மேலும், பட்டியலுக்குள் பட்டியல்கள் இருந்தால், [:] வெளிப்பட்டியலை மட்டுமே புதிதாக்கும். உள்ளிருப்பவை இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும். அப்போது, உள்ளிருப்பவற்றையும் சேர்த்து நகலெடுக்கும், காப்பி (copy) தொகுதியிலுள்ள டீப்காப்பி (deepcopy) வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, [:] சரியாக வேலை செய்கிறது. இரண்டு மாறிகளுக்கும் தனித்தனியே 5 என்று கொடுத்துவிட்டு இரண்டும் ஒரே பொருளா என்று பார்க்கும் இஸ் (is) கொண்டு சோதித்தால், ஒரே பொருள் என்று வருகிறதே?

பதில் 1:
பைத்தானை இயக்கும் மென்பொருள்களில் பரவலாகப் பயன்படும் சிபைத்தான் (CPython), -5 முதல் 256 வரையிலான முழு எண்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்து, கேட்கும் இடமெல்லாம் அவற்றையே தருகிறது. எண்ணை யாராலும் உள்ளே மாற்ற முடியாது என்பதால் இந்தப் பகிர்வால் தீங்கில்லை. ஆனால் மதிப்புகளை ஒப்பிட எப்போதும் == பயன்படுத்துங்கள்.