தோல் சேணமா, சிந்தெடிக்கா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் பெண் குதிரைக்குப் புதுச் சேணம் வாங்க வேண்டும், இரண்டு வாரமாக முடிவெடுக்க முடியவில்லை.

இப்போது இருப்பது பழைய தோல் சேணம், 9 கிலோ. போன வாரம் சவாரி முடிந்து கழற்றியபோது முதுகெல்லாம் வியர்வையில் நனைந்திருக்க, தோள் மேட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு மட்டும் காய்ந்து கிடந்தது. தடவினால் தோலைச் சிலிர்க்கிறாள். அந்த இடத்தில் சேணம் அழுத்துகிறது என்றுதான் தோன்றுகிறது. அழுத்தம் பட்டுப் பட்டு அங்கே வெள்ளை முடி முளைக்கும் வரை விடக்கூடாது என்று உடனே சவாரியை நிறுத்திவிட்டேன்.

சிந்தெடிக் எடை குறைவு, ஈரத்துணியால் துடைத்தால் போதும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த வார்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவி நொந்துபோன எனக்கு அது பெரிய விஷயம். சிலவற்றில் முன்பக்க இரும்பு வளைவை மாற்றி அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாமாம். அவளுக்கு ஐந்து வயதுதான், உடம்பு இன்னும் மாறும். ஆனால் தோலில் உட்காரும்போது கிடைக்கும் பிடிப்பு தனி. பழுது பார்க்கவும் எளிது.

எதுவானாலும் சேணத்துக்குள் இருக்கும் சட்டம் முதுகுக்குப் பொருந்துவதுதான் முக்கியம் என்று தெரியும். நான் கேட்பது இதுதான்: தினமும் ஒரு மணி நேரம் ஓட்டினால் சிந்தெடிக்கில் தையலும் வார் கோக்கும் இடமும் எத்தனை வருடம் தாங்கியது? உள்ளே கம்பளி அடைத்ததா, நுரையா, எது நல்லது? பயன்படுத்தியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.