மறு: "ஏஜ் அட் டயக்னோசிஸ்": நோய் கண்ட வயதா, கண்டறி வயதா?

அன்புள்ள குழுவினருக்கு,

இரண்டு நாள் ஊரில் இல்லை. வந்து பார்த்தால் இந்த இழையில் இருபதுக்கு மேல் மடல்கள். ஹெபடைடிஸ் சி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய்) நோயாளிகளின் வயதையும் கல்லீரல் சேதத்தையும் பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்கும் நண்பர், "ஏஜ் அட் டயக்னோசிஸ்" என்பதற்குத் தமிழில் ஒரே ஒரு சொல்தான் கேட்டார். கேட்ட சொல்லை விட்டுவிட்டு "கல்லீரலா, ஈரலா" என்பதில் பாதி நாள் போயிருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

> "நோய் கண்ட வயது" போதுமே. சுருக்கமாகவும் இருக்கிறது, ஓசையும் நன்றாக இருக்கிறது.

ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "பிள்ளைக்கு அம்மை கண்டிருக்கிறது", "ராத்திரி காய்ச்சல் கண்டது", "மாட்டுக்குக் கோமாரி கண்டது" என்று சொல்லும்போது கண்டது யார்? வைத்தியர் இல்லை. நோய் தானாக வந்து உடம்பில் தலைகாட்டியது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். ஆக "நோய் கண்ட வயது" என்றால் நோய் வந்த வயது. நமக்கு வேண்டியதோ, நோய் இருப்பது பரிசோதனையில் தெரியவந்த வயது. அம்மைக்கு இரண்டும் ஒரே வாரம். ஹெபடைடிஸ் சி-க்கு நடுவில் முப்பது வருடம் கிடக்கலாம்.

இதில் நானே சூடுபட்டவன். சில வருடங்களுக்கு முன் நோயாளிகளுக்கான ஒரு படிவத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தபோது இதே சொல்லைப் போட்டேன். ஒரு அம்மா அந்தக் கட்டத்தில் 26 என்று எழுதிவிட்டார். கண்புரை அறுவைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 58 வயதில்தான் அவருக்கு விஷயமே தெரியும். "26 வயசுல எனக்குக் காமாலை கண்டது சார், அதைத்தானே கேட்டிருக்கீங்க" என்றார். கேட்டது அதைத்தான் என்று நானும் அப்போதுதான் உணர்ந்தேன்.

இது வெறும் இலக்கணச் சண்டை என்று நினைக்க வேண்டாம். இந்த நோயில் கணக்கே அந்த இரண்டு வயதுகளுக்கும் இடையில்தான் நடக்கிறது. 1997-இல் பிரான்சில் 2,235 நோயாளிகளின் கல்லீரல் திசுவைப் பார்த்து வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. வைரஸ் தொற்றியதிலிருந்து சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் முற்றிய நிலை) வரை போக ஆகும் காலத்தின் இடைநிலை அளவு (மீடியன்) 30 ஆண்டு என்று அதில் மதிப்பிட்டார்கள். 40 வயதுக்கு மேல் தொற்றிய ஆண்களுக்கு அது 13 ஆண்டாகக் குறைந்தது. 40-க்குள் தொற்றி, மதுவும் குடிக்காத பெண்களுக்கு 42 ஆண்டாக நீண்டது. ஆணாக இருப்பது, தினம் 50 கிராமோ அதற்கு மேலோ ஆல்கஹால் உள்ளே போவது, இவற்றோடு மூன்றாவதாக அவர்கள் சொன்ன காரணம் தொற்றியபோது இருந்த வயது. கண்டுபிடித்தபோது இருந்த வயது அல்ல. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பதால் அங்கே குழப்பம் இல்லை. நாம் இரண்டையும் "நோய் கண்ட வயது" என்றால் முடிவே தலைகீழாகப் படிக்கப்படும்.

இன்னும் தெளிவான உதாரணம் அயர்லாந்து. 1977-78-இல், ஆர்.எச். நெகட்டிவ் ரத்த வகைத் தாய்மார்களுக்குப் பிரசவத்துக்குப் பின் போடும் ஆன்ட்டி-டி ஊசி மருந்தில் இந்த வைரஸ் கலந்திருந்தது. யாருக்கும் தெரியாது. தெரியவும் வழியில்லை, ஏனென்றால் வைரஸையே 1989-இல்தான் அடையாளம் கண்டார்கள். அதுவரை அதற்குப் பெயர் "ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை" என்ற ஹெபடைடிஸ். (கலைச்சொல் கிடைக்காமல் தவித்தது நாம் மட்டும் இல்லை!) ஊசியின் கதை 1994-இல் வெளியே வந்தது. ரத்தத்தில் வைரஸ் இருந்த 376 பெண்களைப் பற்றிய ஆய்வு 1999-இல் வெளியானது. அவர்களின் சராசரி வயது 45, தொற்றி சராசரியாக 17 ஆண்டு. திசுச் சோதனை செய்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு அழற்சி இருந்தது, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஓரளவு நார்ப்பிடிப்பும் (ஃபைப்ரோசிஸ், கல்லீரலில் தழும்பு சேருவது) இருந்தது. ஆனால் சிரோசிஸ் வரை போனவர்கள் 2 சதவீதம்தான். இளம் வயதில் தொற்றிய பெண்கள், பெரும்பாலும் குடிக்காதவர்கள்.

இப்போது இவர்களுக்குப் பக்கத்தில், 42 வயதில் தொற்றி, தினம் குடித்து, 57-இல் வயிறு வீங்கி வந்து படுக்கும் ஒரு ஆணை நிறுத்திப் பாருங்கள். தொற்றியிருந்த காலம் ஏறக்குறைய ஒன்றே. கல்லீரல் ஒன்றல்ல. "வயது அதிகமானவர்களுக்குச் சேதம் அதிகம்" என்று தமிழில் ஒரே வரியில் எழுதிவிட்டால், எந்த வயது என்று படிப்பவர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: தொற்றியபோது இருந்த வயதுக்கு "தொற்று வயது", கண்டுபிடித்தபோது இருந்த வயதுக்கு "கண்டறி வயது". கண்டறி என்று வினைத்தொகையாக நிறுத்தினால் கண்டறிந்த, கண்டறியும் என்று காலம் பார்க்க வேண்டியதில்லை. அட்டவணைத் தலைப்புக்கும் அடங்கும். "கண்" உள்ளே இருந்தாலும் "அறி" சேர்ந்துவிட்டதால் அம்மை கண்ட கதை வராது.

> "நோயறி வயது" இன்னும் சின்னது. "அறிந்த வயது" என்றாலும் சரி.

"நோயறி வயது" மோசமில்லை. பெரும்பான்மை அதற்கு என்றால் நான் கொடி பிடிக்க மாட்டேன். "அறிந்த வயது" மட்டும் வேண்டாம். "அறியா வயது" என்று நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஐம்பது வயதுக்காரரைப் பார்த்து "அறிந்த வயது" என்றால் விவரம் தெரிந்த வயதில்தானே இருக்கிறார் என்று தோன்றும்.

அடுத்தது, இரண்டுக்கும் நடுவில் உள்ள காலம். ஒருவர் "பதுங்குகாலம்" என்றார், இன்னொருவர் "உறங்குகாலம்". கேட்க அழகு, ஆனால் இரண்டும் இந்த வைரஸுக்குப் பொய். அம்மைக் கிருமி நரம்பு முடிச்சில் ஒடுங்கிக் கிடந்து பின்னால் அக்கியாக வரும். அதைப் பதுங்கல் எனலாம். ஹெபடைடிஸ் சி அப்படி ஒடுங்குவதில்லை. முதல் நாளிலிருந்து கல்லீரல் செல்களில் பெருகிக்கொண்டே இருக்கிறது. நோயாளிக்குத்தான் ஒன்றும் தெரிவதில்லை, அதிகம் போனால் கொஞ்சம் அசதி. உறங்குவது வைரஸ் என்று எழுதினால், "தூங்குவதை ஏன் எழுப்ப வேண்டும்" என்று மருந்தைத் தள்ளிப்போட ஆள் இருக்கிறது. "நோயரும்பு காலம்" (தொற்றியதிலிருந்து முதல் அறிகுறி வரை) என்பதும் சேராது, அது இரண்டு வாரம் முதல் ஆறு மாதம் வரையிலான வேறு கணக்கு. "அறியாத் தொற்றுக்காலம்" என்று வைக்கலாம் என்பது என் கட்சி. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஃபைப்ரோசிஸுக்கு வந்த "முற்றல்" என்ற யோசனையை ரசித்தேன். வெண்டைக்காய் முற்றினால் நார், கல்லீரலும் அப்படியே என்கிறார். ஆனால் முற்றுவது வயதின் வேலை. இங்கே நடப்பது அழற்சி ஆற ஆறத் தழும்பு சேருவது. முப்பது வயதிலும் சேரும், எழுபதிலும் சேராமல் இருக்கும். தவிர, முற்றிய வெண்டைக்காய் பிஞ்சாகாது. வைரஸை ஒழித்தபின் கல்லீரல் நார் பல பேருக்குக் குறைகிறது. இப்போதைய மாத்திரைகளில் பெரும்பாலும் 12 வாரத்தில் 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். ஆகவே "நார்ப்பிடிப்பு" போதும். நார்ப்பிடிப்பின் அளவைக் குறிக்கும் எஃப்0 முதல் எஃப்4 வரையான படிகளுக்கு "நார்ப்படி 0, நார்ப்படி 4" என்று எண் போட்டுக்கொள்ளலாம். எஃப்4-தான் சிரோசிஸ். அதற்குச் சனங்கள் சொல்லும் "ஈரல் சுருக்கம்" எனக்குப் பிடிக்கும். லேனெக் 1819-இல் அந்தப் பெயரைச் சூட்டியபோது கல்லீரலின் பழுப்பு மஞ்சள் நிறத்துக்கான கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தார். நிறத்தைவிடச் சுருக்கம் எவ்வளவோ மேல்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. கல்லீரலில் ஊசி குத்தித் திசு எடுக்காமல் நார்ப்பிடிப்பை மதிப்பிட ஃபிப்-4 என்ற கணக்கு இருக்கிறது: வயதை ஏ.எஸ்.டி. அளவால் பெருக்கி, ரத்தத் தட்டணு எண்ணிக்கையையும் ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவதால் வகுப்பது (ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டும் ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் நொதிகள்). அதில் வரும் வயது தொற்று வயதும் இல்லை, கண்டறி வயதும் இல்லை. ரத்தம் எடுத்த அன்றைய வயது. மொழிபெயர்க்கும் நண்பர் தன் அட்டவணையில் இது எது என்று பார்த்துக்கொள்ளட்டும். கண்டறிந்த அன்றே ரத்தம் எடுத்திருந்தால் கவலையில்லை.

சரி, கல்லீரலா ஈரலா. தனிச்சொல்லாகக் "கல்லீரல்", கூட்டுச்சொல்லில் இடம் போதாவிட்டால் "ஈரல்". மண்ணீரல், நுரையீரல் எல்லாம் பக்கத்தில் வரும் கட்டுரையில் மட்டும் முழுசாக எழுதுங்கள். இதற்குமேல் அதில் என்னை இழுக்காதீர்கள்.

பி.கு.: யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் காமாலைக்குத் தங்கள் ஊர்ச் சொல் "செங்கண்மாரி" என்று எழுதியிருந்தார். படிவத்தில் இரண்டையும் சாய்கோடு போட்டு வைக்கலாம். ஆனால் "செங்கண்மாரி கண்ட வயது" என்று மட்டும் யாரும் தொடங்கிவிடாதீர்கள் அக்கா.